தேதி குறித்துவிட்டுக் கூப்பிட்டால் அது பேச்சுவார்த்தையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வங்கி தன் கால் சென்டரை மூடப்போகிறது. வேலை போகிறவர்களில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிப் பிள்ளைகள் நிறையப் பேர். என் அண்ணன் மகளும் அதில் ஒருத்தி.

"எல்லாம் ஆப்பில் வந்தாச்சு, போன் எடுக்க ஆள் எதற்கு?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். வயிறு எரிகிறது. அவள் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, அவள் பேசுவது மட்டும் என் காதில் விழும். ஒரு ராத்திரி, பென்ஷன் வாங்கும் ஓர் அம்மாவிடம் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவனோ ஓடிபி வாங்கிவிட்டான். பணம் போய்க்கொண்டே இருக்கிறது. இவள் முதலில் கார்டை முடக்கினாள். பிறகு அந்த அம்மாவின் அழுகை அடங்கும்வரை அவருடைய ஜூலு மொழியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். எந்த ஆப் இதைச் செய்யும்?

2019இல் ஸ்டாண்டர்ட் பேங்க் 91 கிளைகளை மூடுவதாக அறிவித்தது. அந்த வருஷம் செப்டம்பர் 27 அன்று வங்கி ஊழியர்களின் சாஸ்போ யூனியன் ஆட்குறைப்பை எதிர்த்து நடத்தவிருந்த வேலைநிறுத்தத்தைத் தொழிலாளர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. பக்கத்துக் கிளை போன பிறகு நம் பெரியவர்களுக்கு மிச்சமிருந்தது போன் ஒன்றுதான். இப்போது அதற்கும் ஆபத்து.

தொண்ணூறுகளில் இறக்குமதி வரியைக் குறைத்ததும் டர்பன் துணி ஃபேக்டரிகள் வரிசையாக மூடின. தையல் மெஷினை விட்டு வீட்டுக்கு வந்த அத்தைமார்களின் பிள்ளைகள்தான் பிற்பாடு ஹெட்செட் மாட்டினார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி, ஆட்குறைப்பை யோசிக்கும் கட்டத்திலேயே யூனியனோடு கலந்து பேச வேண்டும். தவிர்க்க வழி தேட வேண்டும். இவர்களுக்கு வந்த கடிதத்திலோ மூடும் தேதியே இருந்தது! நஷ்டஈடு, சட்டப்படி குறைந்தபட்சம் வருஷத்துக்கு ஒரு வாரச் சம்பளம். எட்டு வருஷம் உழைத்தவளுக்கு எட்டு வாரம். நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் வேலையில்லாத நாட்டில் அது எந்த மூலைக்கு?

மோசடி பெருகிக் கிடக்கிற காலம் இது. அதைத் தடுக்கும் பிரிவிலேயே இந்தப் பிள்ளைகளைப் போடலாம். சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பிள்ளைகளே, 'விருப்ப விலகல்' தாளை நீட்டினால் யூனியனிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டபின் வழக்காடுவது ரொம்பக் கஷ்டம். நியாயமில்லாமல் நீக்கினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு சமரச ஆணையத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். படிவம் நிரப்பத் துணை வேண்டுமென்றால் இன்பாக்ஸில் எழுதுங்கள், கூடவே வருகிறேன்.