லேபிள் அப்புறம், முதலில் தேனின் ஈரத்தைப் பாருங்கள்

ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு பொருளை வளர்த்து விற்கும் 'ஊருக்கு ஒரு பொருள்' திட்டம் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் நேராகப் புவிசார் குறியீடு, லோகோ, கண்ணாடிக் குப்பி என்று போய்விடுகிறார்கள். குமரி மாவட்டத்தில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, மட்டி வாழை, கிராம்பு, நாகர்கோவில் கோயில் நகை எல்லாம் குறியீடு வாங்கியவைதான். மார்த்தாண்டம் தேனுக்கோ 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் தொடங்கி நூறாண்டுப் பேர் இருக்கிறது. பேர் இருந்து என்ன? டின்னில் ஊற்றி மொத்த வியாபாரியிடம் கொடுத்தால் அவர் சொன்னதுதான் விலை. அவர் விலையைக் குறைக்கக் கையில் வைத்திருக்கும் முதல் காரணம் தேனில் இருக்கும் தண்ணீர்.

குலசேகரம், அருமனை, கடையால் பக்கத் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து தளிர் விடும்போது, மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் சுரக்கிற தேன் அது. சில வாரங்களில் வெள்ளமாக வரும், நின்றும் போகும். தேனீ அதை விசிறி வற்றவைத்து மெழுகால் மூடுவதற்குள் நாம் அடையை உருவிச் சுற்றிவிடுகிறோம். விளைவு 23, 24 விழுக்காடு ஈரம். உணவுப் பாதுகாப்பு விதி 20-க்கு மேல் ஏற்பதில்லை. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும் தேன். சர்க்கரை கீழே படிகமானதும் மேலே நிற்கும் பாகில் ஈரம் இன்னும் கூடும். அங்கேதான் நொதிக்கும். நுரை, புளித்த வாடை, உப்பிய மூடி. வாங்கியவர் "சீனிப்பாகு கலந்துட்டான்" என்பார்.

மருந்து எளிதுதான். முக்கால் பங்கு மெழுகறைகள் மூடாத அடையைத் தொடாதீர்கள். இடம் போதவில்லை என்றால் மேலே இன்னொரு தேன்தட்டு (தேன் சேர்க்கும் மேல் பெட்டி) வையுங்கள், பிழிய ஓடாதீர்கள். மழை பெய்த மறுநாள் எடுக்கவே வேண்டாம். டின்னை நன்றாகக் கலக்கிவிட்டு, ஈரத்தை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கலக்காமல் மேலாக எடுத்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும், ஏனென்றால் நீர்த்த தேன் மிதக்கும்.

"வற்றினால் எடை போகுமே" என்பதுதான் எல்லோருக்கும் பயம். கணக்கைப் போடுவோம். 24 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோவில் சர்க்கரையும் பிறவும் 76 கிலோ. 20-க்குக் கொண்டுவந்தால் 95 கிலோ நிற்கும். போனது 5 கிலோ. கிலோவுக்கு ஐந்தே கால் விழுக்காட்டுக்கு மேல் விலை கூடினாலே லாபம்.

அடுப்பில் உருளியை வைத்து வற்றவைப்பது மட்டும் வேண்டாம். நிறம் கறுக்கும், எச்.எம்.எஃப். (சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும் பொருள்) ஏறும், ஆய்வகத்தில் மாட்டும். அதைவிட ஊருக்கு ஒரு பூட்டிய அறை, ஈரம் உறிஞ்சும் எந்திரம், ஒரு மின்விசிறி போதும். பிழிவதற்கு முன்பே தேன்தட்டுகளைக் காற்றோட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி ஓரிரு இரவு விட்டால் மூடாத மெழுகறைகளில் ஈரம் இறங்கும். மூடிவிட்ட மெழுகறைக்கு இதனால் பெரிய பலன் இல்லை. தட்டுகளில் எறும்பு ஏறாமல் பலகைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த மறக்காதீர்கள்.

இன்னொன்று. மழைக்காலத்தில் தேனீக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது தவறல்ல, கூட்டம் பிழைக்க வேண்டும். தேன்தட்டு ஏற்றிய பிறகும் கொடுப்பதுதான் தவறு. கரும்புச் சர்க்கரையில் கார்பன் ஐசோடோப் (கார்பனின் எடை வேறுபட்ட வகைகள்) அளவு வேறு, சோதனையில் தெரிந்துவிடும். ஒருவர் டின்னில் மட்டும் அது இருந்தாலும் கெடுவது ஊர்ப் பேர். அதனால் டின்னுக்கு எண், தேதி, ஈர அளவு எழுதிய ஒரு நோட்டு கட்டாயம்.

ஒரே பொருளை நம்புவதிலும் ஆபத்து உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. ஒரு ஊர் தேன் எடுக்கட்டும், அடுத்த ஊர் பெட்டி செய்யட்டும், இன்னொன்று கூட்டம் பிரித்து விற்கட்டும்.

ஜப்பானில் ஒயிட்டா மாகாண ஆளுநர் ஹிராமட்சு 1979-ல் இந்த 'ஊருக்கு ஒரு பொருள்' இயக்கத்தைத் தொடங்கியபோது நேரடி மானியத்தைவிடத் தொழில்நுட்பத்துக்கும் சந்தைக்கும்தான் கைகொடுத்தார். நாம் அதில் பேரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஜனவரித் தளிருக்குள் ஊருக்கு ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வந்துவிடட்டும். லோகோ வேலையை ஏப்ரலுக்குத் தள்ளி வைக்கலாம்.