அந்தக் கறுப்பு கவரை யார் பிரிக்கிறார்?

எங்கள் வியாசர்பாடியில் ஒரு பெண் வயசுக்கு வந்தால் தெருவுக்கே தெரியும். முனையில் ஆளுயர பேனர், அதில் தாய்மாமன்கள் எல்லாரும் கூலிங் கிளாஸோடு, சீர்வரிசைத் தட்டு, மைக் செட். தப்பென்று சொல்ல வரவில்லை, பிரியாணி நானும் சாப்பிட்டிருக்கிறேன். அடுத்த மாசம் அதே பெண் நாப்கின் வாங்க மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் கலையும்வரை நிற்கிறாள். கடைக்காரர் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு நீட்டுகிறார். பிளாஸ்டிக் கவருக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை. நாப்கினுக்கென்று மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது!

சரி, வாங்குவதைப் பற்றியாவது ஓரளவு பேசியாச்சு. 12 சதவீத ஜிஎஸ்டியை 2018-இல் எடுத்தார்கள். 2011-இல் அறிவித்த புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவசமாகவும் தருகிறார்கள். தூக்கிப் போடுவதைப் பற்றித்தான் யாரும் வாயே திறப்பதில்லை.

ஒற்றை ரூம் வீட்டில் அப்பா, அண்ணன், தம்பி எல்லாரும் இருக்கும்போது பயன்படுத்தியதை எங்கே வைப்பது? பாத்ரூம் ஜன்னல் இடுக்கில், பக்கெட்டுக்குப் பின்னால். இருட்டினதும் கவருக்குள் கவர் போட்டு, முடிச்சு மேல் முடிச்சு போட்டு, குப்பைத் தொட்டிக்கு. அதற்கும் கூச்சப்படுகிறவர்கள் கக்கூஸில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். ஈரத்தை உறிஞ்சி உப்புவதற்கென்றே செய்த பொருள் அது, குழாய்க்குள் சும்மா இருக்குமா? மேல் மாடியில் போட்டது கீழ் வீட்டில் பொங்கும். அப்புறம் அடைப்பெடுக்க ஆள், "யார் வீட்டுப் பொம்பளை?" என்று சண்டை.

தொட்டிக்குப் போனது மட்டும் நல்லபடியாகப் போகிறதா? எங்கள் பிளாக்கில் குப்பை எடுக்கிற அக்காவிடம், இவ்வளவு இறுக்கிக் கட்டியதை ஏன் அவிழ்க்கிறீர்கள், அப்படியே போட வேண்டியதுதானே என்று கேட்டேன். "அவுக்காம எப்டிமா தெரியும், சோறா இன்னான்னு?" என்றார். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று அவர் பிரித்தாக வேண்டும். கையுறை போட்டிருந்தார், ஆள்காட்டி விரல் பக்கம் கிழிந்திருந்தது. அவர் பிரிக்காமல் விட்டால் கொடுங்கையூர் குப்பை மேட்டில் வேறு யாரோ கிளறுவார்கள். அண்ணன் கண்ணில் படக் கூடாது என்று கட்டியது அந்த அக்கா கையில்தான் அவிழ்கிறது. அவருக்கும் அது அருவருப்புதான். சம்பளத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறார்.

நாப்கினைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016-இலேயே திடக்கழிவு விதி வந்துவிட்டது. அதற்கான உறையைக் கம்பெனிகளே தர வேண்டுமாம். பெங்களூரிலும் புனேயிலும் பேப்பரில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். புள்ளியைப் பார்த்தால் பிரிக்கத் தேவையில்லை. செலவும் இல்லை. என்ன, இந்த வீட்டில் யாருக்கோ பீரியட்ஸ் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். தெரியட்டுமே, பேனர் வைத்தவர்கள்தானே நாம்?

தண்ணி லாரி எப்போது வரும் என்று கேட்கிற எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட்டேன். சிலர் குரூப்பை விட்டே போய்விட்டார்கள். "இதெல்லாம் இங்கேயா?" என்று ஒரு பெரியவர். இரண்டாவது மாடி அண்ணன் மட்டும் ராத்திரி கேட்டார்: "ஸ்கெட்ச் பேனா போதுமாம்மா, மார்க்கர்தான் வாங்கணுமா?"