கோர்தனை லோட்ஷெடிங்கை மட்டும் வைத்து அளக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் அமைச்சராக இருந்த பிரவின் கோர்தன் பேச்சு வந்தாலே இங்கே டர்பனில் நம் ஆட்கள் பலரும் அரசு மின்நிறுவனமான எஸ்காமைத்தான் இழுக்கிறார்கள். 2024 செப்டம்பர் 13 அன்று அவர் இறந்தபோதும் அதே பேச்சுதான். எனக்கு மனம் கேட்கவில்லை.

சரி, எஸ்காமையே முதலில் பேசிவிடலாம். 2018 முதல் 2024 வரை அரசு நிறுவனங்களுக்கான அமைச்சர் அவர். லோட்ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனது. சின்னக் கடைக்காரர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே ஓய்ந்துபோனார்கள். இதில் அவருக்கும் பொறுப்பு உண்டு, நான் மறுக்கவில்லை.

ஆனால் அவர் செய்த பெரிய வேலை அதற்கு வெகுமுன்பே நடந்தது. மருந்தாளுநராகப் படித்த இந்த டர்பன்காரர் 1999 முதல் 2009 வரை வரித்துறையான சார்ஸின் ஆணையராக இருந்தார். நிறவெறி ஆட்சியைப் பார்த்த மக்களுக்கு அரசாங்கத்துக்கு வரி கட்டுவதில் என்ன நம்பிக்கை இருந்திருக்கும்? அந்த நம்பிக்கையை அவர் மெல்ல மெல்ல உண்டாக்கினார். இணையத்தில் வரிக்கணக்கு தாக்கல் செய்வதும், பெரிய கம்பெனிகளைக் கவனிக்கத் தனிப் பிரிவும் அவர் காலத்தில் வந்தவை. நம் பாட்டிமார் மாதாமாதம் வாங்கும் முதியோர் உதவித்தொகை அந்த வரிப்பணத்திலிருந்துதானே வருகிறது!

சார்ஸில் அவரோடு உழைத்தவர் டர்பனின் மெர்பேங்க் பகுதிக்காரரான ஐவன் பிள்ளை. பிள்ளை முன்கூட்டியே ஓய்வு பெற அனுமதித்ததைக் காரணம் காட்டி, 2016 அக்டோபரில் கோர்தன் மீதும் பிள்ளை மீதும் அரசு வழக்கறிஞர்கள் மோசடிக் குற்றம் சுமத்தினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவர்களே திரும்பப் பெற்றும் கொண்டார்கள். கோர்தன் அப்போது நிதியமைச்சர். கஜானாவைக் காவல் காத்ததற்குத்தான் இந்தத் தொல்லை என்பது என் கருத்து. 2015 டிசம்பரில் அப்போதைய நிதியமைச்சர் நென்னே நீக்கப்பட்டு நம் நாணயமான ரேண்ட் சரிந்ததும், நான்கே நாளில் அதிபர் ஜூமா இவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. 2017 மார்ச் கடைசியில் நள்ளிரவில் இவரையும் நீக்கினார். சில நாளிலேயே நாட்டின் கடன் தரம், முதலீட்டுக்கு உகந்ததல்ல எனும் குப்பை நிலைக்கு இறங்கியது.

அதைவிட என்னைக் கொதிக்க வைப்பது சார்ஸுக்கு நேர்ந்த கதி. 2014க்குப் பிறகு வந்த தலைமை அனுபவசாலிகளை வெளியேற்றியது. பெரிய கம்பெனிகளுக்கான பிரிவைக் கலைத்தது. நிர்வாகம் எவ்வளவு மோசமாகச் சீரழிந்தது என்பதை 2018இல் சார்ஸை விசாரித்த நியூஜென்ட் ஆணையம் எழுதியே வைத்திருக்கிறது. வசூலில் துண்டு விழுந்தது. அதே 2018 ஏப்ரலில் வாட் வரி 14இலிருந்து 15 சதவீதமானதற்கு அந்தத் துண்டும் ஒரு முக்கியக் காரணம். கடையில் ஒரு சோப்பு வாங்கினாலும் அந்தக் கூடுதல் வரியை இன்றைக்கும் நாம்தான் கட்டுகிறோம்.