4 ஜிபி ரேமிலும் ஜென்டூ ஓடும்

ஜென்டூ என்பது மென்பொருள்களை மூலநிரலிலிருந்து நம் மெஷினிலேயே கம்பைல் செய்து (ஓடும் வடிவத்துக்கு மாற்றி) நிறுவும் லினக்ஸ் வகை. 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஜென்டூ வேண்டாம், கம்பைல் ஆவதற்குள் பொழுது போய்விடும் என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2023 டிசம்பரிலிருந்து 64 பிட் மெஷின்களுக்கு ஜென்டூவே ஏற்கெனவே கம்பைல் செய்த பைனரி பேக்கேஜ்களை ஏராளமாகத் தருகிறது. ஃபயர்ஃபாக்ஸ், ரஸ்ட் மாதிரி பெரிய சுமைகளை அப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

மற்றதைக் கம்பைல் செய்யும்போது ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு ஜாபுக்கும் (கம்பைல் வேலைக்கும்) 2 ஜிபி ரேம் என்று கணக்கு வையுங்கள். நாலு கோர் இருக்கிறதே என்று 'ஜே4' (ஒரே நேரத்தில் நாலு ஜாப்) போட்டால், பெரிய சி பிளஸ் பிளஸ் பேக்கேஜ் வரும்போது ரேம் நிரம்பி கம்பைலர் பாதியிலேயே செத்துப்போகும். 'ஜே2' போதும், கூடவே ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) வேண்டும். சிஸ்டத்தின் மையமான கர்னலையும் பைனரியாகவே எடுங்கள், தப்பே இல்லை. வைஃபை சிப் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் பேக்கேஜை மட்டும், நிறுவி முடித்து ரீபூட் செய்வதற்கு முன்பே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் லேன் போர்ட் இல்லாத சின்ன லேப்டாப்பில் அப்புறம் நெட்டுக்கு அல்லாட வேண்டிவரும்.