தோர் என்றால் கதவு இல்லை

நேற்று அந்தப் படத்தை எத்தனை பேர் பகிர்ந்தீர்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். மூடுபனி, மலை, முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண், கீழே 'டோர்: மொழிபெயர்க்கவே முடியாத ருமேனியச் சொல்'. முதலில், அது டோர் இல்லை, தோர். கதவா அது? தொலைவில் இருக்கும் ஆளையோ ஊரையோ நினைத்து மனதுக்குள் ஒன்று வருகிறதே, அதுதான் தோர்.

'இது மொழிபெயர்க்க முடியாத சொல்லெல்லாம் இல்லை' என்று படத்தின் கீழே நான் இட்ட ஒற்றை வரிக்கு, "ருமேனியாவில், க்ளூஜ் நகரில் இரண்டு வருடம் இருந்ததற்கே இவ்வளவா?" என்று பதில். ஆமாம், இரண்டு வருடம்தான். ஆனால் அங்கே தோர் எவ்வளவு சாதாரணச் சொல் என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் போதும்.

பசித்தால் 'ம்யெ ஃபொவாமெ'. குளிர்ந்தால் 'ம்யெ ஃப்ரிக்'. அதே வரிசையில் 'ம்யெ தோர்'. எனக்குப் பசி, எனக்குக் குளிர், எனக்குத் தோர். நான் செய்வதில்லை, எனக்கு வருகிறது. தமிழ் பேசுகிறவருக்கு இது புரியாதாம்! ஆங்கிலத்தில் சொல்ல முடியாவிட்டால் அது ஆங்கிலத்தின் பாடு.

வீட்டுக்காரப் பாட்டியின் மகனுக்கு இத்தாலியில் கட்டட வேலை. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ருமேனியர் வாழும் நாடு அது. செப்டம்பரில் பாட்டி குடைமிளகாயை அனலில் சுட்டு, கருகிய தோலை விரலால் உரித்து, கத்தரிக்காயோடு மணிக்கணக்கில் கிளறி ஸகுஸ்கா செய்வார். ஒவ்வொரு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, இத்தாலி போகும் வேனுக்காகக் காத்திருப்பார். கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டே "ம்யெ தோர் தெ யெல்" என்றார். எனக்கு அவன் தோர். அழவில்லை. உப்புக் குறைகிறது என்று சொல்லும் அதே குரல். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு வீட்டுத் தோர் இல்லையா?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன்.

ருமேனிய நாட்டுப்புறப் பாடல்களான தொய்னாக்கள் முழுக்கத் தோர்தானே, யுனெஸ்கோவே 2009-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அவற்றைச் சேர்த்ததே என்பீர்கள். தெரியும். பசிக்கும் நம்மிடம் பாட்டு உண்டு. அதனால் பசி மொழிபெயர்க்க முடியாததாகிவிட்டதா? லத்தீனில் தோரின் வேர் வலி என்கிறார் ஒரு நண்பர். அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ருமேனியக் கவிஞரும் தத்துவவாதியுமான லூச்சியான் பிளாகா தோரைத் தத்துவமாக்கினாரே என்பவருக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. பாட்டி பிளாகாவைப் படித்துவிட்டா கயிறு கட்டினார்?

'அப்படியானால் ஏக்கம் என்று போட்டுவிடலாமா?' நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஏக்கத்தில் கிடைக்காததன் குறை கொஞ்சம் தூக்கல். எங்கள் தெற்கத்திப் பக்கம் வேறொன்று இருக்கிறது. விடுதியில் சேர்ந்த முதல் வாரம் அத்தை வந்து, "வீட்டைத் தேடுகிறதா?" என்று கேட்டார். எனக்கு வீட்டைத் தேடுகிறது. பாப்பாவுக்கு அப்பாவைத் தேடுகிறது. யார் தேடுகிறார்கள்? யாருமில்லை, தேடுகிறது, அவ்வளவுதான். இதைவிட நெருக்கமாக எந்த மொழி வந்துவிடும்?

கோபம் அந்தப் படத்தின் மேல் மட்டும் இல்லை, சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பியதும் ஒரு தொய்னாவை மொழிபெயர்த்து ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். 'எனக்கு உன்னைத் தேடுகிறது' என்று எழுதியிருந்தேன். அச்சில் 'உனக்காக ஏங்குகிறேன்' என்று வந்தது. கேட்டதற்கு, "அது வட்டாரப் பேச்சு, கவிதைக்கு ஆகாது" என்றார் ஆசிரியர்.

நேற்று அவரும் அந்தப் படத்தைப் பகிர்ந்திருக்கிறார். மேலே, 'தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லையே!'