ஒரு லெகோ கட்டைக்காக முழுப் பெட்டியை வாங்காதீர்கள்

லெகோவில், அதாவது ஒன்றோடொன்று பூட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கட்டை விளையாட்டில், ஒரு துண்டு தொலைந்துவிட்டால் அதே பெட்டியை மறுபடி முழு விலைக்கு வாங்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. தொலைந்த துண்டு தனியாகவே கிடைக்கும். சாதாரணக் கட்டை என்றால் சில பென்ஸ்தான் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு). புதுப் பெட்டியில் துண்டு குறைந்திருந்தால் லெகோ நிறுவனத்துக்கு எழுதினாலே போதும், இலவசமாக அனுப்புவார்கள். இதெல்லாம் தெரியாததால்தான் லெகோ என்றாலே பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிக்கிடக்கிறது. நான் லண்டனில் இருக்கிறேன். கீழே சொல்லும் விலையும் தபாலும் இந்த ஊர்க் கணக்கு.

முதலில் துண்டின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் உள்பக்கம் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். கட்டையின் தலையில் உள்ள உருண்டை மேடுகளைக் குமிழ் என்கிறேன்; எட்டுக் குமிழ் உள்ள 2x4 கட்டை 3001. நாலு குமிழ் சதுரம் 3003. இரண்டு குமிழ் உள்ளது 3004. இந்த எண் வடிவத்தை மட்டும்தான் சொல்லும். நிறத்தையும் சேர்த்துச் சொல்லும் நீளமான எண், செய்முறைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் துண்டின் படத்துக்குக் கீழே இருக்கும். கையேடு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, லெகோ தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

நிறத்தில் கவனம் வேண்டும். என் மகன் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை, அதாவது கருவறைக் கோபுரத்தை, கட்ட ஆசைப்பட்டபோது மணல் நிறக் கட்டைகள் நிறையத் தேவைப்பட்டன. அந்த நிறத்தை லெகோ 'பிரிக் யெல்லோ' என்கிறது, விற்பனையாளர்கள் 'டேன்' என்கிறார்கள். மஞ்சள் என்று தேடினால் கண்ணைப் பறிக்கும் மஞ்சள்தான் வரும். சாம்பல் நிறம் இன்னும் சிக்கல். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றிவிட்டது. பழையதையும் புதியதையும் ஒரே சுவரில் வைத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சரி, எங்கே வாங்குவது? லெகோ தளத்திலேயே 'பிக் எ பிரிக்' என்ற பகுதி இருக்கிறது, எல்லாம் புதுசு. லெகோ கடைகளில் ஒரு சுவர் முழுக்கக் கட்டைகள் கொட்டிவைத்திருப்பார்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு விலை, எத்தனை கட்டை அடங்குகிறதோ அத்தனை உங்களுக்கு. அள்ளிக் கொட்டாமல் கட்டைகளை ஒன்றோடொன்று பூட்டி அடுக்கினால் நிறையவே கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் அன்றைக்குச் சுவரில் இருக்கும் நிறங்கள்தான் கிடைக்கும்.

குறிப்பிட்ட துண்டு வேண்டும் என்றால் பிரிக்லிங்க்தான். டான் ஜெசெக் என்ற இளைஞர் 2000-ல் தொடங்கிய இணையச் சந்தை அது. 2019-ல் லெகோவே வாங்கிவிட்டது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்கள் அங்கே விற்கிறார்கள். பலர் வீட்டிலிருந்தே கடை நடத்துபவர்கள். ஒவ்வொரு துண்டும் கடந்த ஆறு மாதத்தில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று புதுசுக்கும் பழசுக்கும் தனித்தனியாக அதிலேயே பார்க்கலாம். அதைப் பார்க்காமல் எதையும் கூடையில் போடாதீர்கள்.

என் முக்கியமான கருத்து இதுதான்: தனிக் கட்டை வாங்கும்போது பணத்தைத் தின்பது கட்டையின் விலை அல்ல, தபால் செலவு. ஒரு துண்டு 5 பென்ஸ், தபால் 3 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவான துண்டாகத் தேடித் தேடிப் பத்துக் கடையில் வாங்கினால் தபாலுக்கு மட்டும் 30 பவுண்டு. அதற்குப் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம். அதனால் தேவையான எல்லாவற்றையும் பிரிக்லிங்கின் 'வான்டட் லிஸ்ட்' என்ற தேவைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, அதில் பெரும்பகுதி எந்த ஒரு கடையில் இருக்கிறது என்று பாருங்கள். துண்டுக்கு ஒரு பென்னி கூடினாலும் அந்தக் கடையிலேயே வாங்குங்கள். பட்டியலையும் கொஞ்சம் தளர்த்துங்கள். 2x8 கட்டை கிடைக்கவில்லையா, பல இடங்களில் இரண்டு 2x4 போதும். கோயில் விமானத்தின் உள்ளே மறைந்துபோகும் கட்டைகள் எந்த நிறமாக இருந்தால் என்ன? அந்தக் கடையில் எது மலிவோ அதை எடுங்கள். செலவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையும்.

ஜெர்மனிக் கடைகளின் விலை ஆசைகாட்டும். ஆனால் 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இங்கே வரும் பார்சலுக்கு வாட் வரி சேரும். 135 பவுண்டைத் தாண்டினால் சுங்க நடைமுறையும் கூரியர் கட்டணமும் வேறு. நான் பிரிட்டனுக்குள்ளேயே வாங்குகிறேன்.

பழைய கட்டை என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1958-ல் செய்த கட்டை இன்றைய கட்டையோடு பூட்டிக்கொள்ளும். 1963 முதல் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள், அது லேசில் தேயாது. 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டு அலசி, காற்றில் உலர்த்தினால் போதும். பழுப்பு, அடர் சிவப்பு நிறங்களில் மட்டும் சில வருடங்களில் வந்தவை அழுத்தினால் உடைகின்றன. அந்த இரண்டையும் புதுசாகவே வாங்குவேன். மக்கள் பழைய பொருட்களைக் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகளில் ஒரு டப்பா கட்டைகளை மொத்தமாகப் பேசி வாங்கலாம். குழந்தைக்கு முதல் முதலாகக் கொட்டிக் கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. குமிழின் தலையில் லெகோ பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெகோவோடு பொருந்தும் மற்ற நிறுவனங்களின் கட்டைகளை வாங்குவது தப்பா? தப்பில்லை. அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதன் வடிவத்தை வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ளும் முயற்சியையும் 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றம் நிராகரித்துவிட்டது. ஆனால் பெட்டியையும் வடிவமைப்பையும் அப்படியே நகல் எடுத்து விற்பது திருட்டுதான். சீனாவின் லெபின் நிறுவனம் அதைத்தான் செய்தது, அதன் தலைவருக்கு 2020-ல் ஆறு ஆண்டு சிறை கிடைத்தது. அந்த மாதிரிப் பெட்டிகளை நான் தொடமாட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. உள்ளூர்த் தொழிலைக் காக்கத்தான் இந்த வரி என்பது புரிகிறது. ஆனால் பத்துத் துண்டு தேடும் ஒரு குழந்தைக்கு இப்போதைக்கு அதனால் பலன் எதுவும் இல்லை. இங்கிருந்து ஊருக்கு யாராவது கிளம்பினால் அவர்களையே கட்டைகளை வாங்கிவரச் சொல்லுங்கள், ஒரு கை கட்டைக்கு எடையே இருக்காது. ஒரு மாதம் முன்பாகவே சொல்லிவிடுங்கள். வெறும் படம் அனுப்பாமல், துண்டின் எண், நிறம், எத்தனை வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.