யாரைத் திட்டுவது?

கூட்டாட்சி என்று பேச்சு வந்தாலே நேராக அதிகாரப் பட்டியலில்தான் போய் நிற்கிறோம். இது ஒன்றியத்துக்கு, அது மாநிலத்துக்கு, மிச்சம் பொதுப் பட்டியல் என்று. எனக்கு அந்தப் பட்டியல் சண்டையில் ஆர்வம் குறைந்து ரொம்ப நாளாகிறது. ஒரு கூட்டாட்சி நாடு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வரவில்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றால், யாரைத் திட்டுவது என்று அந்த நாட்டுக் குடிமக்களுக்குத் தெரிகிறதா?

தெரிந்தால் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள். தெரியாவிட்டால் மாநிலம் மேலே கையைக் காட்டும், மேலே இருப்பவர் கீழே கையைக் காட்டுவார், இரண்டு பேரும் ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள்.

(நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் தொடரலாம்.)

இந்தக் குழப்பத்தின் வேர் பணத்தில் இருக்கிறது. அதில் வில்லன் என்று யாரும் கிடையாது என்பதுதான் எரிச்சல். வருமான வரி, கம்பெனி வரி மாதிரியானவற்றை மேலே உள்ள அரசு வசூலிப்பதுதான் நடைமுறைக்கு வசதி. ஒரு மாநிலம் மட்டும் வரியை ஏற்றினால் கம்பெனி பெட்டியைக் கட்டிக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும். ஆனால் வாத்தியாரும் நர்ஸும் போலீஸ்காரரும் மக்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள். பெரும்பாலான கூட்டாட்சி நாடுகளில் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது மாநிலமோ அதற்கும் கீழே உள்ள அமைப்போதான். ஆக, பணம் மேலே சேர்கிறது, செலவு கீழே நடக்கிறது. இடைவெளியை நிரப்ப மேலிருந்து பணம் இறங்கியாக வேண்டும். அது உரிமையாக இறங்குகிறதா, நிபந்தனையோடு இறங்குகிறதா என்பதில்தான் கூட்டாட்சியின் உயிர் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 1942 வரை மாநிலங்களும் வருமான வரி வாங்கிக்கொண்டிருந்தன. உலகப் போர் வந்தது. போர்ச் செலவைச் சொல்லி ஒன்றிய அரசு மொத்த வருமான வரியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மாநிலங்கள் வழக்குப் போட்டன, உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) ஒன்றியத்தின் பக்கம் நின்றது. போர் 1945-ல் முடிந்தது. வருமான வரி இன்றுவரை மாநிலங்களுக்குத் திரும்பவில்லை. அவசரத்துக்கு வாங்கிக்கொள்ளும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் அவசரம் வருவதில்லை.

இதற்கு நேர் எதிரான கூத்து ஜெர்மனியில் நடந்தது. அங்கே கல்வி மாநிலங்களின் கோட்டை. 2006-ல் நடந்த சீர்திருத்தத்தில் அந்தக் கோட்டைக்கு இன்னும் ஒரு மதில் கட்டினார்கள். பள்ளிக் கல்விக்குள் ஒன்றிய அரசு பணத்தோடு நுழைவதையே ஏறக்குறைய தடுத்துவிட்டார்கள். பொறுப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். சில வருடங்களில் பள்ளிகளுக்கு வைஃபை, டேப்லெட், டிஜிட்டல் பலகை எல்லாம் தேவைப்பட்டன. ஒன்றிய அரசிடம் பணம் இருந்தது, 500 கோடி யூரோ தரத் தயாராகவும் இருந்தது. பள்ளிக்கு வைஃபை வாங்கிக் கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது!

அதோடும் முடியவில்லை. 2018 டிசம்பரில் 16 மாநிலங்களும் ஒன்றாகச் சேர்ந்து அந்தத் திருத்தத்தை நிறுத்தின. பணம் வேண்டாம் என்று இல்லை. இனிமேல் இப்படி வரும் திட்டங்களுக்கெல்லாம் மாநிலமும் பாதிப் பங்கு போட வேண்டும் என்று திருத்தத்தில் ஒரு வரி நுழைந்திருந்தது. இன்று வைஃபை, நாளைக்கு என்னவோ, ஒவ்வொன்றுக்கும் எங்கள் பட்ஜெட்டில் பாதியை நீங்கள் முடிவு செய்வீர்களா என்பது அவர்கள் கேள்வி. சமரசக் குழு உட்கார்ந்து பேசி, 2019 மார்ச்சில்தான் திருத்தம் நிறைவேறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளியும் கருவிகளை வைத்து என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம், ஆய்வு, ஒப்புதல். அடுத்த வருடம் மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது அந்தப் பணத்தில் மிகச் சிறு பங்குதான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த ஊர்ப் பெற்றோர் யாரைத் திட்டியிருப்பார்கள்? பணம் கொடுத்த ஒன்றியத்தையா, நிறுத்தி வைத்த மாநிலத்தையா, படிவம் எழுதாத தலைமையாசிரியரையா? இத்தனைக்கும் மாநிலங்களின் வாதம் எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது. நியாயமான ஆட்கள் நியாயமான காரணங்களுக்காகச் சண்டை போட்டும் பிள்ளைகளுக்கு வைஃபை போய்ச் சேராது என்பதுதான் பிரச்சினை.

நிபந்தனையோடு வரும் பணத்துக்கு அமெரிக்கா நல்ல பாடம். குடிப்பதற்கான வயதை நிர்ணயிப்பது அங்கே மாநிலங்களின் வேலை. 1984-ல் ஒன்றிய அரசு நேரடியாகச் சட்டம் போடவில்லை. வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி வெட்டு என்று மட்டும் சொன்னது. எல்லா மாநிலங்களும் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. 1987-ல் உச்ச நீதிமன்றமும் அது தப்பில்லை என்றது, வெட்டு சிறியதுதானே, வேண்டாம் என்று சொல்ல மாநிலத்துக்கு வழி இருக்கிறதே என்று. 2012-ல் அதே நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தை விரிவாக்காத மாநிலத்துக்கு, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த மொத்த நிதியையும் நிறுத்துவோம் என்ற மிரட்டல் செல்லாது என்றது. தலையில் துப்பாக்கி வைப்பது போல இருக்கிறது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். கொள்கை அளவில் மாநிலங்களுக்கு வெற்றி. ஆனால் அந்த வெற்றியின் விலையைக் கொடுத்தது விரிவாக்கத்தை மறுத்த மாநிலங்களின் ஏழைகள். பக்கத்து மாநிலத்தில் பிறந்திருந்தால் அவர்களுக்குக் காப்பீடு இருந்திருக்கும். மாநில உரிமை பேசும் நாம் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்தியாவில் இதே கதைக்கு வேறு வேஷம். நிதி ஆணையம் பகிர்வுக்கான வரியில் மாநிலங்களின் பங்கை 42 சதவீதம் என்று 2015-ல் உயர்த்தியபோது பெரிய கூட்டாட்சிப் புரட்சி என்றார்கள். அடுத்த ஆணையத்தில் அது 41. ஆனால் செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் கூடுதலாக வசூலிப்பதை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. 2010-களின் தொடக்கத்தில் ஒன்றியத்தின் மொத்த வரி வருவாயில் சுமார் பத்தில் ஒரு பங்காக இருந்த இந்த இரண்டும் 2020-21-ல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிட்டன. சதவீதத்தை ஏற்றிவிட்டு, எதன் மேல் சதவீதமோ அதைச் சுருக்கிவிட்டால் முடிந்தது கதை. இன்னொரு பக்கம் ஒன்றியத்தின் பெயரில் ஓடும் பல திட்டங்களில் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதம் போடுகின்றன. பலகையில் யார் பெயர், யார் படம் என்று சண்டை வராத திட்டம் அபூர்வம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. (மாநில அரசுகளும் மற்றவர் தேங்காயைத் தயங்காமல் உடைப்பவைதான். அதற்குக் கீழே வருகிறேன்.)

சரி, மேலிருந்து கீழே வரும் பணம் ஒரு பக்கம். பணக்கார மாநிலத்திலிருந்து ஏழை மாநிலத்துக்குப் போகும் பணம்தான் கூட்டாட்சியில் எல்லாவற்றையும்விடச் சூடான விஷயம். இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பகிர்வு வேண்டும். ஒரே நாடு என்று சொல்லிக்கொண்டு ஒரு மூலையில் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரி உண்டு, இன்னொரு மூலையில் பிறந்ததற்கு இல்லை என்றால் அந்த நாட்டுக்குப் பொருளே இல்லை. ஆனால் பகிர்வின் கணக்கு கொடுப்பவருக்குப் புரிய வேண்டும், ஏமாற்றப்படுகிறோம் என்ற எண்ணம் வரக்கூடாது.

மேற்கு ஆஸ்திரேலியா 1933-ல் நாட்டைவிட்டே பிரிந்துபோக வாக்களித்த மாநிலம். மூன்றில் இரண்டு பங்குப் பேர் பிரிவினைக்கு ஓட்டுப் போட்டார்கள், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைக் கையில் எடுக்கவில்லை. அந்தக் கோபத்தைத் தணிப்பதற்கும் சேர்த்துத்தான் அதே வருடம் நிதிப் பகிர்வுக்கென்று ஒரு தனி ஆணையம் வந்தது, இன்றும் இருக்கிறது. 2000 ஜூலையில் வந்த 10 சதவீத ஜிஎஸ்டி முழுக்க மாநிலங்களுக்குத்தான். அதை எப்படிப் பிரிப்பது என்று இந்த ஆணையம் கணக்குப் போட்டுச் சொல்லும். ஒரு மாநிலம் சொந்தமாக எவ்வளவு சம்பாதிக்க முடியும், அதற்குச் செலவு எவ்வளவு ஆகும் என்று பார்த்து, வசதி குறைந்த மாநிலத்துக்குக் கூடுதலாகவும் வசதியான மாநிலத்துக்குக் குறைவாகவும் கொடுப்பார்கள்.

இரும்புத் தாது விலை எகிறிய காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியா கொழித்தது. ஆணையத்தின் கணக்கு கடந்த சில வருடச் சராசரியை வைத்துப் போடுவது. அதனால் 2015-16-ல் தாது விலை விழுந்து கிடந்தபோது, பழைய வசதியைக் காரணம் காட்டி அந்த மாநிலத்துக்குக் கிடைத்தது, தலைக்குச் சமமாகப் பிரித்திருந்தால் ஒரு டாலர் வந்திருக்க வேண்டிய இடத்தில் 30 சென்ட். கணக்கு சரி, நேரம் தவறு. மக்களுக்குச் சராசரி, சூத்திரம் எல்லாம் எதற்கு, 30 சென்ட் என்ற ஒரு எண் போதும், பற்றிக்கொண்டது. அந்த மாநிலத்தில் சீட்டை இழக்க எந்தக் கட்சியும் தயாராக இல்லை. 2018-ல் சட்டம் மாறியது: எந்த மாநிலத்துக்கும் 70 சென்டுக்குக் குறையாது, பிறகு 75. மற்ற மாநிலங்களுக்கு நஷ்டம் வராமல் ஒன்றிய அரசு தன் கையிலிருந்து போடும். சட்டம் வந்த பிறகு தாது விலை மறுபடி ஏறியது. பட்ஜெட்டில் உபரி காட்டும் மாநிலத்துக்கு எல்லாரும் சேர்ந்து முட்டுக் கொடுக்கிறார்கள் இப்போது.

கனடாவில் அல்பெர்ட்டா மாகாணமும் எண்ணெய் வளத்தால் அதே இடத்துக்கு வந்து நின்றது. வசதி குறைந்த மாகாணங்களுக்குக் கொடுக்கும் சமப்படுத்தும் நிதி அந்த நாட்டின் 1982 அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. அதை நீக்க வேண்டுமா என்று 2021-ல் அல்பெர்ட்டா கருத்துக் கேட்டது. 60 சதவீதத்துக்கு மேல் நீக்கு என்றார்கள். சட்டரீதியாக அந்த வாக்குக்கு எந்தப் பலனும் இல்லை, அரசியலில் உண்டு. அர்ஜென்டினா வேறு ரகம். 1988-ல் தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி ஒரு வரிப் பகிர்வுச் சட்டம் போட்டார்கள். 1996 முடிவதற்குள் புதிய சட்டம் வேண்டும் என்று 1994 அரசியல் சட்டத் திருத்தம் கெடு வைத்தது. இன்னும் அந்தத் தற்காலிகச் சட்டம்தான் ஓடுகிறது. எல்லா மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும் என்று விதி இருந்தால், யார்தான் தன் பங்கைக் குறைக்கச் சம்மதிப்பார்?

பணத்தையாவது அச்சடிக்கலாம். தண்ணீரை? அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை 1922-ல் ஏழு மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டன. அவர்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்டது நல்ல மழை பெய்த வருடங்களை. ஆற்றில் உண்மையில் வருவதைவிட அதிகத் தண்ணீரைக் காகிதத்தில் பங்கு வைத்துவிட்டார்கள். கரையில் வாழ்ந்த பழங்குடி மக்களை அந்த மேசைக்கு அழைக்கவே இல்லை. பருவநிலை மாற்றம் வந்து ஆறு சுருங்கும்போது, இல்லாத தண்ணீருக்கு எல்லாரிடமும் சட்டப்படியான பத்திரம் இருக்கிறது. காவிரியைப் பார்த்தே பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் எழுதும்போதே பற்றாக்குறை வருடத்தில் யாருக்கு எவ்வளவு குறையும் என்று எழுதாத எந்தப் பங்கீடும் வறட்சி வரும்வரைதான் நிற்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் மேலேயே கொடுத்துவிடலாமே என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள். வேண்டாம். கனடாவில் இன்று எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறதென்றால், 1962-ல் சஸ்காச்செவன் என்ற ஒரு மாகாணம் மருத்துவர்களின் வேலைநிறுத்தத்தைத் தாக்குப்பிடித்து அதைச் செய்து காட்டியதால்தான். நான்கு வருடம் கழித்து நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. தலைநகர் ஒட்டாவாவில் உட்கார்ந்து யோசித்திருந்தால் இது முளைத்திருக்காது.

ஆகவே நான் கேட்பது அதிகாரப் பட்டியலில் இரண்டு வரியை அங்கிருந்து இங்கே மாற்றுவதை அல்ல. ஜெர்மானியர்கள் ஒரு விதி சொல்வார்கள்: ஆர்டர் கொடுத்தவர்தான் பில் கட்ட வேண்டும். மேலே இருக்கும் அரசு ஒரு வேலையைக் கீழே தள்ளினால், அந்த வேலைக்கான முழுப் பணமும் கூடவே வர வேண்டும். முடியாதென்றால் தள்ளக்கூடாது. அடுத்தது, எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கும் மன்றத்தில் ஒருவருக்கு மட்டும் தடுப்பதற்கான சாவி இருக்கக்கூடாது. இந்திய ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒரே பக்கம் நின்றாலும் ஒன்றியம் வேண்டாம் என்றால் நடக்காது. பெரும்பாலும் வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமித்த முடிவு என்று போய்விடுவதால் இது வெளியே தெரிவதில்லை. அவ்வளவுதான்.

இப்போது மாநிலங்கள் பக்கம். ஒன்றியத்திடம் சுயாட்சி கேட்கும் மாநிலங்கள், தங்களுக்குக் கீழே இருக்கும் நகரங்களை நடத்தும் விதத்தைப் பாருங்கள். 2018-ல் கனடாவின் டொராண்டோவில் மாநகராட்சித் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. வேட்பாளர்கள் வீடு வீடாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நகரம் இருக்கும் ஒன்டாரியோ மாகாண அரசு 47 வார்டுகளை 25 ஆகக் குறைத்துச் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாகாணம் ஜெயித்தது. கனடா அரசியல் சட்டப்படி நகராட்சி என்பது மாகாணம் பார்த்து வைத்ததுதான். பிரேசில் 1988-ல் நகராட்சிகளையும் கூட்டாட்சியின் உறுப்பாகவே எழுதி வைத்தது. இந்தியா 1992-ல் உள்ளாட்சிகளுக்காக அரசியல் சட்டத்தில் 73, 74-ஆவது திருத்தங்களைக் கொண்டுவந்தது. ஆனால் எந்த அதிகாரத்தைக் கீழே இறக்குவது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டதால், பல மாநிலங்களுக்கு விருப்பம் வரவே இல்லை.

மாநில உரிமைக்காகக் குரல் கொடுக்கும் எல்லாக் கட்சி நண்பர்களிடமும் ஒரு கேள்வி. உங்கள் கட்சி ஆளும் மாநிலத்தில், ஒரு மேயர் யார் அனுமதியும் கேட்காமல் தானே போட்டு, தானே வசூலித்து, தானே செலவு செய்யக்கூடிய வரி எத்தனை இருக்கிறது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.